மேடை ஏறிய மகளிர்

மாணவச் செல்வங்களே, அண்மையில் திண்டிவனத்தில் என் பேத்தி எனக்கோர் ராக் இசையைக் கேட்பித்தாள். கிதாரும் டிரம்மும் அதிர்ந்தன. இசைத்த நால்வரும் ஜப்பானியப் பெண்கள். 2006-ஆம் ஆண்டு ஒசாகா நகரில், பள்ளி மாணவியராய் இருந்தபோதே, 'ஸ்கேண்டல்' என்னும் குழுவை அமைத்தவர்கள். இஃது இக்காலப் புதுமை என்று எண்ணினேன். வரலாற்றைப் புரட்டியபோது என் எண்ணம் பிழை எனக் கண்டேன்.

1603-இல் கியோட்டோவின் ஆற்று மணலில் ஆடி, கபுக்கி என்னும் கூத்துக்கு வித்திட்டவள் ஒகுனி என்னும் பெண். 1629-இல் அரசு பெண்கள் மேடையேறத் தடை விதித்தது. அக்கலை ஆடவர் உடைமையாயிற்று. 1914-இல்தான் தகரசுக்கா என்னும் ஊரில், இரயில் நிறுவனம் ஒன்றின் ஆதரவில், மகளிர் மட்டுமே நடிக்கும் அரங்கம் தோன்றிற்று.

நம் நாட்டில் அத்தகையோர் இலரோ? இருந்தனர். சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியே செல்லும் இருப்புப்பாதை கும்பகோணத்தை அடைகிறது. அங்கே, சென்ற நூற்றாண்டு பிறந்த காலத்தை ஒட்டி, பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்ட நாடகக் குழுவை நடத்தினார். ஆண் வேடங்களையும் பெண்களே புனைந்தனர். அவர் நாடகங்களைக் காண வருவோர்க்கெனத் தனி இரயில்களே விடப்பட்டன.

விழுப்புரத்தில் பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். அப்பாதையில் எத்தனையோ முறை பயணம் செய்தும், வகுப்பில் பாலாமணியின் பெயரை ஒருமுறையேனும் உரைத்தேனில்லை. ஜப்பானில் பெண்களை மேடையினின்று அகற்ற அரசாணை வேண்டியிருந்தது. இங்கோ, ஆசிரியரின் மௌனமே போதுமானதாயிற்று. அக்குறையை இன்று ஓரளவு தீர்த்துக்கொண்டேன். எஞ்சியதை நீங்கள் தீர்ப்பீர்களாக.