மனோங்: தனிமைக்குத் தள்ளப்பட்ட அண்ணன்மார்

முதுமையில் வரும் தனிமையை வாழ்வின் இயல்பென்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். பிள்ளைகள் பிரிவர், நண்பர் மறைவர், உள்ளம் சோரும். ஆயினும், ஒரு தலைமுறையின் தனிமையைச் சட்டங்களே உருவாக்கியதும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில வரலாறு இதற்குச் சான்று.

அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்து 1920-களில் ஆயிரக்கணக்கான இளைஞர் அங்குக் கூலிவேலைக்குச் சென்றனர். பெரும்பாலோர் கத்தோலிக்கக் குடும்பத்தினர். திராட்சைத் தோட்டங்களிலும், அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளிலும் பருவத்திற்கோர் ஊராக உழைத்தனர். உடன் சென்ற பெண்கள் மிகச் சிலரே. வெள்ளையரை அவர்கள் மணப்பதைக் கலிபோர்னியா 1933-இல் சட்டத்தால் தடுத்தது. 1934-இல் வந்த மற்றொரு சட்டமோ, ஆண்டுக்கு 50 பேருக்கு மேல் புதிதாகக் குடியேற விடவில்லை. திருமணத் தடையை 1948-இல் நீதிமன்றம் நீக்கியபோது பலருக்கு இளமை கடந்திருந்தது. மனைவி மக்களின்றி மூப்படைந்த இவர்களை இளையோர் ‘மனோங்’ என்றழைத்தனர். இலோக்கானோ மொழியில் ‘அண்ணன்’ என்பது அதன் பொருள்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் இன்டர்நேஷனல் ஹோட்டல் இம்முதியோர் பலருக்கு இல்லமாயிற்று. அறைகள் சிறியவை; ஆனால் அடுத்த அறையில் தாய்மொழி பேசும் தோழர் இருந்தார். சீன முதியோரும் அங்கு அயலவராய் வாழ்ந்தனர். குடும்பம் மறுக்கப்பட்டோர் அயலுறவால் குடும்பமாயினர். உரிமையாளர்கள் கட்டடத்தை இடிக்க முனைந்தபோது ஏறத்தாழ 9 ஆண்டுகள் போராடினர். 1977 ஆகஸ்ட் 4 அன்று விடியுமுன்னே, கைகோத்து அரணாய் நின்ற மக்களைக் காவல்துறை விலக்கி, முதியோரை வெளியேற்றியது. கூரையோடு, தம்மைப் பெயர் சொல்லி அழைத்த குரல்களையும் அவர்கள் இழந்தனர்.

அதே இடத்தில் 2005-இல் முதியோருக்கென 104 வீடுகள் எழுந்தன. அம்முயற்சியில் அந்நகரின் உயர்மறைமாவட்டத்துக்கும் பங்குண்டு. ஆனால் வெளியேற்றப்பட்டோருள் மிகச் சிலரே அதைக் காண உயிரோடிருந்தனர். நீதி வந்தது, காலந்தாழ்ந்து வந்தது.

மனச்சோர்வுக்கு மருத்துவம் தேவை என்பதில் ஐயமில்லை. எனினும், தன் மொழியில் பேச ஒருவர், தன் உணவைப் பகிர ஒருவர், காலையில் கதவு திறக்காவிடில் தேடிவர ஒருவர் என்னும் இம்மூன்றையும் எந்த மருந்தும் தந்துவிடாது. நம் பங்குகளிலும், பிள்ளைகள் தொலைநாட்டிலிருக்கத் தனித்து வாழும் பெற்றோர் உளர். பணம் தவறாமல் வருகிறது, ஆள் வருகிறாரா? திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர்களது கதவைத் தட்டுவதற்கு எந்தச் சட்டமும் நம்மைத் தடுக்கவில்லையே!