பயணிக்கு ஒன்று, குடியேறியவருக்கு வேறு: ஓட்டுநர் உரிம மாற்றத்தின் வரலாறு

அயல்நாட்டில் பெற்ற ஓட்டுநர் உரிமத்தைக் குடியேறிய நாட்டின் உரிமமாக மாற்றிக்கொள்ளும் நடைமுறை, மோட்டார் வண்டியின் வரலாற்றில் பிந்தி வந்த ஒன்று. உரிமம் என்ற ஏற்பாடே தொடக்கத்தில் உள்ளூர் விவகாரமாக இருந்தது. பாரிசில் 1893ஆம் ஆண்டுக் காவல்துறை ஆணை ஓட்டுநரின் திறனுக்குச் சான்று கேட்டது. பிரிட்டனோ 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்தின்படி, 1904 முதல் ஐந்து ஷில்லிங் கட்டியவருக்குத் தேர்வு ஏதுமின்றி உரிமம் கொடுத்தது. அந்நாட்டில் தேர்வு கட்டாயமானது 1935 ஜூன் 1ஆம் நாள்தான். பெல்ஜியத்தில் செய்முறைத் தேர்வு வருவதற்கு 1977 ஆயிற்று. ஓரிடத்தில் திறமைக்குச் சான்றாகவும் வேறோரிடத்தில் கட்டணம் கட்டிய ரசீதாகவும் ஒரே பெயருள்ள சீட்டு விளங்கியபோது, ஒரு நாட்டு அதிகாரி மற்றொரு நாட்டின் உரிமத்தை ஐயத்துடன் பார்த்ததில் வியப்பில்லை.

எல்லை கடந்து வண்டியோட்டியவர்களின் வசதிக்காக 1909இல் பாரிசில் உருவான உடன்படிக்கை, வண்டிக்கும் ஓட்டுநருக்கும் பொதுவான ஒரு பன்னாட்டுச் சான்றிதழை ஏற்படுத்தியது. 1926ஆம் ஆண்டு உடன்படிக்கை அதனை இரண்டாகப் பிரித்தது. ஓட்டுநருக்குரிய பாதியே இன்றைய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியின் மூலம். இந்த அனுமதி தன்னளவில் உரிமம் அன்று. சொந்த நாட்டு உரிமத்தைப் பல மொழிகளில் பெயர்த்துக் காட்டும் துணை ஏடு மட்டுமே. அத்தகைய ஏட்டின் தேவையை அயர்லாந்துக் காவல்துறை தன்னையறியாமல் மெய்ப்பித்தது: போலந்து மொழியில் ஓட்டுநர் உரிமத்தைக் குறிக்கும் 'பிராவோ யாஸ்டி' என்ற தலைப்பை ஓட்டுநரின் பெயரெனக் கருதி, ஐம்பதுக்கும் மேற்பட்ட அடையாளங்கள் கொண்ட ஒரு பெருங்குற்றவாளியை அது தன் பதிவேட்டில் உருவாக்கியிருந்தது 2009இல் வெளியாயிற்று.

ஆயினும் இந்த உடன்படிக்கைகள் வந்து போகும் பயணியையே மனத்தில் கொண்டவை. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையை அடுத்து வந்த 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, தம் வழக்கமான வசிப்பிடத்தை மாற்றிக்கொண்டு வந்தவரின் பழைய உரிமத்தை ஏற்க வேண்டிய கடமை எந்த நாட்டுக்கும் இல்லையென 41ஆம் பிரிவில் வெளிப்படையாகவே கூறியது. விருந்தினராக வந்தவரை நம்பிய சட்டம், அவரே வீடெடுத்துக் குடியிருக்கத் தொடங்கியதும் நம்பிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. உரிம மாற்றம், அதாவது பழைய உரிமத்தை ஒப்படைத்துவிட்டு மறுதேர்வின்றிப் புதியதைப் பெறுதல், இந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததாகும்.

இந்த இடைவெளி நீதிமன்றம் வரை சென்றது ஐரோப்பாவில். மேற்கு ஜெர்மனியில் ஓராண்டுக்கும் மேலாக வாழ்ந்தும் தம் பிரெஞ்சு உரிமத்தை மாற்றிக்கொள்ளாத ஒருவர்மீது தொடரப்பட்ட வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 1978 நவம்பரில் தீர்ப்பளித்தது. மாற்றிக்கொள்ளுமாறு கோருவது தவறன்று. ஆனால் ஏற்கெனவே தேறிய தேர்வை மீண்டும் எழுதச் செய்வதும், அளவு மீறிய கட்டணம் வாங்குவதும், மொழித் தடைகளை எழுப்புவதும் சாலைப் பாதுகாப்புக்குத் தொடர்பற்ற இடையூறுகளாகலாம் என்பது அதன் சாரம். ஐரோப்பியச் சமூகத்தின் 1980ஆம் ஆண்டு நெறியாணை, உறுப்பு நாட்டிலிருந்து உறுப்பு நாட்டுக்குக் குடிபெயர்வோர் ஓராண்டுக்குள் தேர்வின்றி உரிமத்தை மாற்றிக்கொள்ள வழிவகுத்தது. 1991ஆம் ஆண்டு நெறியாணையோ, 1996 ஜூலை 1 முதல் மாற்றும் கடமையையே நீக்கியது.

அந்த வட்டத்துக்கு வெளியே பழைய நிலையே நீடிக்கிறது. அங்கு ஓட்டுநரின் திறமையைவிட இரு அரசுகளுக்கிடையிலான உடன்பாடே எடை கூடியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பின், ஸ்பெயினில் குடியிருந்து உரிமத்தை மாற்றாதிருந்த பிரிட்டிஷார் 2022 மே 1 முதல் அங்கே வண்டியோட்ட முடியாமற்போயினர். 2023 மார்ச்சில் உடன்பாடு நடைமுறைக்கு வந்ததும் அதே கைகள் மீண்டும் தகுதி பெற்றன. இடைப்பட்ட பத்து மாதங்களில் அவர்களின் திறமை குறைந்துவிட்டதாக எவரும் வாதிடவில்லை.

அதே பிரிட்டன் சிங்கப்பூர், ஹாங்காங், ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலியவற்றை உரிம மாற்றத்துக்கு ஏற்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் வைத்துள்ளது. தன் ஆட்சிக் காலத்தில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்ட இந்தியா அப்பட்டியலில் இல்லை, இலங்கையும் இல்லை. ஆகவே சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பல்லாண்டு வண்டியோட்டியவரும், லண்டனில் குடியேறிய 12 மாதங்களுக்குப் பின், பழகுநருக்கான தற்காலிக உரிமம் வாங்கி, எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.