பெரிய திருவடியின் சிறகு

ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலைக்குப் போய்வந்த என் பாட்டி கருடன் கதையை இப்படித்தான் ஆரம்பிப்பாள்: ‘அவன் ஆத்தா அடிமையாக் கெடந்தாடா. அதுக்குத்தான் அவனுக்கு றெக்கை.’ பிற்பாடு நான் படித்த சிறுவர் பத்திரிகைகளிலும் படக்கதைகளிலும் றெக்கை இருந்தது, ஆத்தாளைக் காணோம். பறவைக்கும் பாம்புக்கும் பகை என்பதாகக் கதை சுருங்கிவிட்டிருந்தது. சிவகாசிக் காலண்டரிலோ அவன் பெருமாளைச் சுமந்து பறக்கிறான், அவ்வளவே.

மகாபாரதத்தின் ஆதிபருவம் பாட்டி பக்கம்தான் நிற்கிறது. வினதையும் கத்ருவும் அக்கா தங்கை, சக்களத்திகளும்கூட. பாற்கடலில் பிறந்த குதிரையின் வால் வெள்ளையா கறுப்பா என்று பந்தயம், தோற்றவள் அடிமை. கத்ருவின் பாம்புப் பிள்ளைகள் கரிய மயிராய் வாலில் ஒட்டிக்கொண்டு அவளை ஜெயிக்க வைக்கிறார்கள். சுத்த மோசடி. கருடன் பிறந்து வந்து அந்தப் பாம்புகளை முதுகில் சுமக்கிறான். இவர்கள் சொன்னதையெல்லாம் நாம் ஏன் செய்ய வேண்டும் என்று அம்மாவைக் கேட்கிறான். குழந்தை இலக்கியம் என்று நாம் பேர் வைத்திருக்கும் எதிலும் இதைவிடப் பெரிய கேள்வியை நான் கண்டதில்லை. விடுதலைக்கு விலை அமுதம். தேவர்களோடு மோதி எடுத்து வருகிறான்.

வருகிற வழியில் விஷ்ணு எதிர்ப்படுகிறார். உனக்கு மேலே நான் இருக்க வேண்டும் என்று வரம் கேட்கிறான். கிடைப்பது கொடியில் இடம். பதிலுக்குக் கொடுப்பது முதுகு.

எங்கள் ஊரிலிருந்து அரைமணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். மற்றப் பெருமாள் கோயில்களில் சந்நிதிக்கு எதிரே நிற்கும் கருடன், இங்கே ஆண்டாளோடும் ரங்கமன்னாரோடும் கருவறைக்குள்ளேயே நிற்கிறார். மாப்பிள்ளையைச் சீரங்கத்திலிருந்து சுருக்காகக் கொண்டுவந்து சேர்த்ததற்கான மரியாதை என்பார்கள். பெரியாழ்வார் கருட அம்சம், ஆகவே மாமனார் ஸ்தானம் என்றும் சொல்வதுண்டு. எப்படியோ, சுமந்தவனுக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்திருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை: பெரிய திருவடி. சிறகுள்ளவனுக்குப் பெயர் பாதம்!

வைணவத்தில் அடி, அடியார், அடிமை எல்லாம் உயர்ந்த சொற்கள். விரும்பி ஏற்ற அடிமை என்று விளக்குவார்கள். அந்த அனுபவத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்த நாட்டுக்கு வந்ததே 1976-இல்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிய கரிசல் ஊர்களில் அதே சொல்லுக்கு வேறு ருசி.

பாட்டியின் கதையில் விஷ்ணு வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆத்தாளை முதுகில் ஏற்றிக்கொண்டு அவன் பறந்துவிடுவான். எங்கே போனான் என்று கேட்டால், ‘மில்லுச் சங்கு ஊதப்போகுது, படுடா’ என்பாள்.