அறிவுரையும் அதிகாரமும்: தன் இளமையோடு பேசும் இரு நாவல்கள்

இளையோர் நாவல்களைப் பெரும்பாலும் எழுதுபவர்கள் பெரியவர்களே. வளர்ந்தவர் ஒருவர் இளைஞரின் குரலைப் பூண்டு பேசுவதில் உள்ள அறச் சிக்கலை மைக் கேடன் 2000இல் ஒரு கட்டுரையில் எழுப்பினார். அதே ஆண்டில் வெளிவந்த நூலில் ராபர்ட்டா சீலிங்கர் ட்ரைட்ஸ், இவ்வகை நாவலின் அடித்தளம் அதிகாரம் பற்றிய கேள்வியே என்று வாதிட்டார். ஒருவர் தன் இளமைக்கே அறிவுரை சொல்லும் கதையில் இவ்விரண்டும் ஒரே பாத்திரத்துக்குள் வந்து மோதுகின்றன. அப்படிப்பட்ட கதையைக் காலப் பயண வேடிக்கையாக வாசித்து ஒதுக்குவது பெரிய இழப்பு.

சாரா ம்லினாவ்ஸ்கியின் ‘கிம்மி எ கால்’ (2010) நாவலில், பள்ளி இறுதியாண்டில் இருக்கும் தேவி தன் கைபேசியை வணிக வளாகத்து நீரூற்றில் தவறவிடுகிறாள். அதன்பின் அது பதினான்கு வயதுத் தேவியை மட்டுமே அழைக்கிறது. காதலன் பிரையன் பிரிந்துவிட்டான். அவனுக்காகத் தோழிகளையும் படிப்பையும் கைவிட்டாயிற்று. எனவே சின்னவளுக்கு அவள் சொல்லும் முதல் புத்தி: அவனோடு பழகவே பழகாதே.

இங்கே அறிவுரை சொல்பவளுக்கும் கேட்பவளுக்கும் இடையே மூன்று ஆண்டுச் சொச்சமே இடைவெளி. பெரியவளிடம் இருப்பது முதிர்ச்சி அல்ல, ஆறாத காயம். அதைவிட முக்கியமானது வேறொன்று. சின்னவள் சொன்னபடி நடந்தால் பெரியவளின் நிகழ்காலம் உடனே மாறிவிடுகிறது. ஆனால் அவள் நினைவில் பழைய வாழ்க்கையே தங்கியிருக்கிறது. எந்த அனுபவத்தை வைத்து உரிமையோடு பேசினாளோ, அந்த அனுபவம் இப்போது யாருக்கும் நேரவில்லை. தன் சொந்த வாழ்க்கையிலேயே அவள் விவரம் தெரியாதவளாகிறாள். நடந்ததைச் சின்னவளிடம் கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது. ஏற்கப்பட்ட அறிவுரை, சொன்னவரின் தகுதியை அழித்துவிடுகிறது. இந்த நாவலின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன். நீரூற்றில் விழுந்த கைபேசி அதற்கான கருவி மட்டுமே.

2009இல் ஜோசஃப் காலியானோ தொகுத்த ‘டியர் மி’ நூலில் புகழ்பெற்ற பலர் தம் பதினாறு வயதுக்குக் கடிதம் எழுதினார்கள். எல்ட்டன் ஜானின் எய்ட்ஸ் அறக்கட்டளைக்கு நிதி சேர்க்கும் நல்ல முயற்சி அது. ஆனால் கடிதம் பெறுபவருக்கு அங்கே வாய் இல்லை. ம்லினாவ்ஸ்கி மாறிமாறி வரும் அத்தியாயங்களில் இரு தேவிகளையும் பேசவிட்டு, சின்னவளுக்கு மறுப்புரிமையை அளிக்கிறார்.

ரெபெக்கா ஸ்டெட்டின் ‘வென் யூ ரீச் மீ’ (2009) இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2010இல் நியூபெரி பதக்கம் பெற்ற இது சிறுவர் நூல் வரிசையில் வைக்கப்படுவது. ஆனாலும் இந்த விவாதத்தில் அதைத் தவிர்க்க முடியாது. 1970களின் இறுதியில் நியூயார்க்கில் வாழும் பன்னிரண்டு வயது மிராண்டாவுக்கு மர்மக் குறிப்புகள் வருகின்றன. தெருமுனையில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நிற்கும் முதியவர், அவள் பள்ளியில் படிக்கும் மார்கஸின் எதிர்கால உருவம். மார்கஸ் பின்னால் ஓடிவருவதைக் கண்டு மிரண்டு தெருவில் பாயும் சால் என்ற சிறுவனை லாரியின் பாதையிலிருந்து உதைத்துத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு அவர் இறந்துபோகிறார்.

அந்த முதியவர் சிறுவன் மார்கஸுக்கு ஒரு புத்தியும் சொல்வதில்லை. ‘அவன் பின்னால் ஓடாதே’ என்ற ஒரே வாக்கியம் போதுமே என்று வாசகருக்குத் தோன்றும். ஸ்டெட் அமைத்த காலவட்டத்தில் நடந்தது நடந்ததுதான். அந்த வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை. மாறாக, நடந்ததையெல்லாம் விவரித்துக் கடிதம் எழுதும்படி அவர் அந்தக் குறிப்புகளின் வழியே மிராண்டாவிடம் வேண்டுகிறார். நாவல் முழுவதுமே அவரை நோக்கிய அவளுடைய பேச்சுதான். அறிவு இங்கே இளையவரிடமிருந்து மூத்தவருக்குப் போகிறது; வேண்டுபவர் மூத்தவர், தருவதா என்று தீர்மானிப்பவள் சிறுமி. விமர்சகர்கள் பெரிதும் பாராட்டிய புதிர்க்கட்டைவிட, ட்ரைட்ஸ் எழுப்பிய அதிகாரக் கேள்விக்கு இந்தத் திசைமாற்றம் தரும் பதிலே எனக்கு வலுவானதாகப் படுகிறது.