பச்சை விளக்கு எரிகிறது, இணைப்பு இல்லை! – ஒரு போர்ட் பழுதின் வரலாறு

கணினி ஆய்வகத்தில் 30 கணினிகள் இருக்கின்றன. 29 கணினிகளில் நெட்வொர்க் வேலை செய்கிறது. மூலையில் இருக்கும் ஒன்றில் மட்டும் இல்லை. ஆய்வக உதவியாளர் வந்து கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுகிறார். விளக்கு எரியவில்லை. கேபிளை ஸ்விட்சில் பக்கத்துத் துளைக்கு மாற்றுகிறார். விளக்கு எரிகிறது! "போர்ட் போச்சு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மொத்தம் இரண்டு நிமிடம்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஒரு கணினியின் பழுது அந்த ஒரு கணினியோடு நின்றது தான் அதிசயம். ஈதர்நெட் பிறந்தபோது அப்படி இல்லை. ஒருவருக்குப் பழுது என்றால் எல்லோருக்கும் பழுது. "இந்தப் போர்ட் தான்" என்று விரலை நீட்டிச் சொல்லும் நிலைக்கு வர ஏறக்குறைய 17 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், இன்று ஒரு போர்ட் மக்கர் செய்யும்போது எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

ஒரே கேபிள், எல்லோருக்கும்

1973 மே 22 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஒரு குறிப்பு எழுதினார். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு திட்டம் அதில் இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் ஈதர். ஒளி பரவுவதற்கு ஊடகமாக எங்கும் நிறைந்திருப்பதாக ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நம்பிய பொருளின் பெயர் அது. மெட்காஃபும் டேவிட் போக்ஸும் சேர்ந்து அதைச் செய்து காட்டினார்கள். வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட்.

பெயருக்கு ஏற்றாற்போலவே அமைப்பும் இருந்தது. கட்டிடம் முழுக்க ஒரே ஒரு கோஆக்சியல் கேபிள் ஓடும். எல்லாக் கணினிகளும் அதில் தொற்றிக்கொள்ளும். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். இருவரும் நிறுத்தி, சற்று நேரம் காத்திருந்து மறுபடி பேச வேண்டும். ஹவாய்த் தீவுகளில் வானொலி அலை வழியாகக் கணினிகளை இணைத்த அலோஹா நெட்டில் இருந்து கிடைத்த யோசனை இது.

1980ல் டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 மெகாபிட் ஈதர்நெட்டை வெளியிட்டன. 1983ல் ஐ.இ.இ.இ. 802.3 என்ற தரநிலை ஏற்கப்பட்டது. அந்தக் காலத்துக் கேபிள் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ஹோஸ் போலத் தடிமனாக இருக்கும். ஒரு துண்டு 500 மீட்டர் வரை போகலாம். 2.5 மீட்டருக்கு ஒரு குறி போட்டிருக்கும். அந்தக் குறி உள்ள இடத்தில் தான் கணினியை இணைக்க வேண்டும். இணைப்பது எப்படி? கேபிளின் உறையைத் துளைத்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைக் கடிக்கும் ஒரு கவ்வி. அதற்கு 'வேம்பயர் டேப்' என்று பெயர். ரத்தக் காட்டேரியின் பல் மாதிரி!

இந்தப் பல் சரியான ஆழத்தில் இறங்காவிட்டால் இணைப்பு விட்டு விட்டு வரும். கோணலாக இறங்கி உள்கம்பியும் வெளி வலையும் தொட்டுக்கொண்டால் போச்சு, அந்த வரிசை முழுக்க ஊமை. கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். அதில் ஒன்று கழன்றால், சைகை முனையில் பட்டுத் திரும்பி வந்து புதிய சைகைகளோடு மோதும். அப்போதும் எல்லோருக்கும் நெட்வொர்க் நின்றுவிடும்.

பின்னால் மெல்லிய கேபிள் வந்தது. விலை குறைவு. 185 மீட்டர், 30 கணினிகள். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் 'டி' வடிவ இணைப்பான். ஆனால் யாரோ மேசையை நகர்த்தி கேபிளைப் பிரித்துவிட்டால் அந்த வரிசையே படுத்துவிடும். பிரித்தவருக்குத் தான் செய்தது தெரியாது. பத்து அறை தள்ளி இருப்பவர் திட்டிக்கொண்டிருப்பார்.

பழுதைத் தேடிய விதம்

எல்லோருக்கும் பழுது என்றால் எங்கே போய்த் தேடுவது? இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி பாதியாக வெட்டுவது. வரிசையின் நடுவில் கேபிளைப் பிரித்து டெர்மினேட்டர் மாட்டினால் இரண்டு பாதிகள் கிடைக்கும். எந்தப் பாதி வேலை செய்யவில்லையோ அதை மறுபடி பாதியாக்க வேண்டும். 30 கணினிகள் இருந்தால் ஐந்து முறை பிரித்தால் இடம் தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லோருடைய வேலையும் நிற்கும்!

இரண்டாவது வழி எதிரொலி. டி.டி.ஆர். என்ற கருவி கேபிளுக்குள் ஒரு மின்துடிப்பை அனுப்பும். கம்பி முறிந்த இடத்தில் அது பட்டுத் திரும்பி வரும். மெல்லிய கேபிளில் சைகை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில், அதாவது நானோ விநாடிக்கு சுமார் 20 செ.மீ. ஓடுகிறது. எதிரொலி 1 மைக்ரோ விநாடியில் வந்தால் முறிவு 100 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு. கம்பி அறுந்திருந்தால் துடிப்பு நிமிர்ந்தபடியே திரும்பும். கம்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தலைகீழாகத் திரும்பும்.

இதே எதிரொலி யோசனையில் தான் 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலாளர் 'பிங்' என்ற நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் ஒலியில் இருந்து எடுத்த பெயர். தான் கேட்டதிலேயே சிறந்த பிங் கதை என்று அவர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஒரு நிர்வாகியின் ஈதர்நெட் விட்டு விட்டு வேலை செய்தது. அவர் பிங் நிரலைக் கணினிக் குரலோடு இணைத்து, ஸ்டீரியோவில் சத்தமாக வைத்தார். விநாடிக்கு ஒரு முறை "பிங், பிங்" என்று அது கத்திக்கொண்டே இருந்தது. அவர் கட்டிடம் முழுக்க நடந்து ஒவ்வொரு இணைப்பானாக ஆட்டிப் பார்த்தார். எதை ஆட்டியபோது சத்தம் நின்றதோ அது தான் குற்றவாளி!

சின்ன விளக்கு, பெரிய மாற்றம்

தொலைபேசிக்கு யாரும் இப்படித் தவிக்கவில்லை. காரணம், ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனிக் கம்பி மையத்துக்குப் போகிறது. ஈதர்நெட்டையும் அப்படிச் செய்தால் என்ன? ஜெராக்ஸ் பார்க்கில் இருந்து வெளியே வந்த ரொனால்ட் ஷ்மிட், ஆண்ட்ரூ லட்விக் இருவரும் 1985ல் சின்ஆப்டிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இதைச் செய்தார்கள். தொலைபேசிக்குப் போடுவது போன்ற முறுக்குக் கம்பி, நடுவில் ஒரு ஹப். 1990ல் இந்த முறை 10பேஸ்-டி என்ற தரநிலை ஆனது.

அதில் இரண்டு அருமையான விஷயங்கள் இருந்தன. ஒன்று, கணினியும் ஹப்பும் பேச எதுவும் இல்லாதபோதும் ஏறக்குறைய 16 மில்லி விநாடிக்கு ஒரு முறை "இருக்கிறேன்" என்று ஒரு சின்னத் துடிப்பை அனுப்பும். அது வந்துகொண்டிருந்தால் விளக்கு எரியும். நின்றால் அணையும். இன்று நாம் பார்க்கும் இணைப்பு விளக்கின் பூர்வீகம் இது தான். இரண்டாவது, ஒரு போர்ட்டில் தொடர்ந்து 30க்கு மேல் மோதல்கள் வந்தால் ஹப் அந்தப் போர்ட்டை மட்டும் தானாகவே ஒதுக்கி வைத்துவிடும். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

விளக்கைப் பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. அது எரிவதற்கு, எதிர்ப்பக்கம் சொல்வது இந்தப் பக்கம் கேட்டால் போதும். இந்தப் பக்கம் சொல்வது அங்கே கேட்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 10பேஸ்-டியில் 1, 2 கம்பிகள் அனுப்ப, 3, 6 கம்பிகள் பெற. ஒரு ஜோடி மட்டும் அறுந்தால் ஒரு முனையில் விளக்கு எரியும், மறுமுனையில் எரியாது. அதனால் தான் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

கல்பனா வந்த கதை

ஹப் வந்தும் மோதல் தீரவில்லை. ஹப் என்பது பழைய ஒற்றைக் கேபிளைச் சுருட்டி ஒரு பெட்டிக்குள் வைத்தது போலத் தான். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். 1990ல் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் தொடங்கிய நிறுவனம் 'ஈதர்ஸ்விட்ச்' என்ற கருவியை வெளியிட்டது. மொத்தம் 7 போர்ட்டுகள். எந்தக் கணினி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொண்டு, சேர வேண்டிய இடத்துக்கு மட்டும் அனுப்பும். நிறுவனத்தின் பெயர் கல்பனா! நம் 'கற்பனை' தான். 1994ல் சிஸ்கோ அதை வாங்கியது.

ஸ்விட்ச் வந்த பிறகு ஒவ்வொரு போர்ட்டும் தனி உலகம் ஆனது. பழுதும் தனித்தனியாக அடங்கியது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது: விளக்கு எரியும், பிங் போகும், ஆனால் வேலை நடக்காது.

1995ல் 100 மெகாபிட் ஈதர்நெட் வந்தபோது, இரு முனைகளும் தங்களுக்குள் பேசி வேகத்தை முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷன் வசதியும் வந்தது. ஆரம்பகாலக் கருவிகள் பல ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதனால் நிர்வாகிகள் "100, ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று கையால் அமைத்துவிடும் பழக்கத்துக்கு வந்தார்கள். ஒரு முனையை மட்டும் அப்படி அமைத்தால் என்ன ஆகும்? மறுமுனை பேசிப் பார்க்கும், பதில் வராது. வேகத்தைச் சைகையில் இருந்தே கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. எனவே விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று வைத்துக்கொள்ளும்.

இப்போது ஒரு முனை நினைத்த நேரத்தில் பேசும். மறுமுனை பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே சத்தம் கேட்டால் மோதல் என்று நினைத்துப் பாதியில் நிறுத்தும். ஒன்றிரண்டு பிங் ஒழுங்காகப் போகும். பெரிய கோப்பை அனுப்பினால் ஆமை வேகம். ஸ்விட்சின் கணக்கைப் பார்த்தால், ஹாஃப் பக்கத்தில் தாமத மோதல்கள், ஃபுல் பக்கத்தில் சி.ஆர்.சி. பிழைகள். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் போர்ட் கெடவில்லை, அமைப்பு தான் தவறு. இது தெரியாமல் நல்ல ஸ்விட்சைக் கழற்றி மாற்றினாலும் பழுது அப்படியே தான் இருக்கும்.

ஒரு மருத்துவமனை கற்ற பாடம்

போர்ட்டில் தெரியும் பழுது போர்ட்டின் பழுதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் படுத்துவிட்டது. ஏறக்குறைய நான்கு நாட்கள்! மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். மருந்துச் சீட்டும் பரிசோதனை முடிவும் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள்.

ஸ்விட்சுகளை வளையமாக இணைத்தால் ஈதர்நெட் ஃபிரேம் முடிவில்லாமல் சுற்றும், பெருகும். இதைத் தடுக்க டெக் நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் 1980களின் நடுவில் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையைக் கண்டுபிடித்தார். வளையம் உண்டானால் ஒரு போர்ட்டை அது தானாக மூடிவைக்கும். வழக்கமான அமைப்பில் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு 7 ஸ்விட்சுகள் வரை தான் அதற்குக் கணக்கு. அந்த மருத்துவமனையின் நெட்வொர்க் பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக ஒட்டப்பட்டு அந்த எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஓர் ஆராய்ச்சிக்கான பெரிய தரவுப் பாய்ச்சல் தான் முதலில் சந்தேகத்துக்கு உள்ளானது. அது வெறும் தூண்டுதல். ஆணிவேர் மொத்த அமைப்பில் இருந்தது. தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா இதை மறைக்காமல் வெளியே சொன்னார். மற்ற மருத்துவமனைகள் கற்றுக்கொள்ளட்டும் என்று!

வரலாறு சொல்லும் வரிசை

இன்று ஒரு போர்ட் வேலை செய்யவில்லை என்றால் பார்க்க வேண்டிய வரிசையும் இந்த வரலாற்றின் வரிசையே.

முதலில் கம்பி. வேலை செய்யும் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு விளக்கு, இரண்டு முனையிலும். பிறகு அதே கேபிளை வேறு போர்ட்டில் செருகுங்கள். பழுது கேபிளோடு போனால் கேபிள் அல்லது கணினி. பழைய போர்ட்டிலேயே தங்கினால் போர்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. பிறகு வேகமும் டூப்ளெக்ஸும் இரு பக்கமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பிறகு பிழைக் கணக்கு. அதைப் பூஜ்யமாக்கிவிட்டு எது ஏறுகிறது என்று பார்க்க வேண்டும், பழைய எண் ஏமாற்றும். ஸ்விட்ச் தானே போர்ட்டை மூடியிருந்தால், திறப்பதற்கு முன் ஏன் மூடியது என்று கேட்க வேண்டும். மூடியது சில நேரம் மற்றவர்களைக் காப்பாற்றத் தான்.

மெட்காஃபுக்கு ஈதர்நெட்டுக்காக 2022ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. ஒரு காலத்தில் தனிக் கருவியாகத் தூக்கிக்கொண்டு போன டி.டி.ஆர். இன்று பல ஸ்விட்சுகளில் போர்ட்டின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கட்டளை கொடுத்தால் "இந்த ஜோடி இத்தனை மீட்டரில் அறுந்திருக்கிறது" என்று சொல்லிவிடும். அன்று கட்டிடம் முழுக்க நடந்து தேடிய அதே எதிரொலி தான், இப்போது துளைக்குள் இருந்தே பேசுகிறது.

அடுத்த முறை "போர்ட் போச்சு" என்று சொல்வதற்கு முன், அது போர்ட் தானா என்று ஒரு கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லலாமே!