வசனம் ஒன்று, பொருள் எது? – நிசேயா நமக்குக் கற்பிக்கும் பாடம்



நம்மில் பலருக்கு நேர்ந்திருக்கும் அனுபவம் இது. மாலை வேளையில் வாசலில் இருவர் வந்து நிற்பார்கள். கையில் விவிலியம் இருக்கும். மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஒரு பக்கத்தைப் பிரித்து, தந்தை தம்மிலும் பெரியவர் என்று இயேசுவே சொல்லியிருக்கும் இடத்தைக் காட்டுவார்கள் (அருளப்பர் 14:28). "பிறகு எப்படி அவரைக் கடவுள் என்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். வீட்டுப் பெரியவருக்குப் பதில் வராது. சிலர் கதவைச் சாத்திவிடுவர். சிலர் வாய்ச்சண்டையில் இறங்குவர். வேறு சிலரோ ஒன்றும் பேசாமல் அனுப்பிவிட்டு, அடுத்த ஞாயிறு திருப்பலியில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது உள்ளுக்குள் தடுமாறுவர்.

இந்தக் கேள்வி புதிதன்று. ஏறத்தாழ 1700 ஆண்டுகளுக்கு முன்பே இதே வசனத்தை முன்வைத்துத் திருச்சபை முழுவதும் கலங்கியது. அக்கலக்கத்திலிருந்து நம் முன்னோர் எவ்வாறு வழி கண்டனர் என்பதை அறிந்துகொள்வது, நமது யூபிலி ஆண்டுக்கு ஏற்ற சிந்தனையாகும் எனக் கருதுகிறேன்.

அலெக்சாந்திரியாவில் எழுந்த புயல்

எகிப்து நாட்டின் துறைமுகப் பட்டணமாகிய அலெக்சாந்திரியாவில், பவுக்கலிஸ் என்னும் கோயிலின் பொறுப்பில் இருந்தவர் ஆரியுஸ் என்ற குருவானவர். கல்விமான், தவ ஒழுக்கம் உடையவர், கேட்போரைக் கவரும் பேச்சாளர். 318ஆம் ஆண்டையொட்டி அவர் தம் ஆயர் அலெக்சாந்தரின் போதனையை எதிர்க்கத் தொடங்கினார். தந்தை ஒருவரே தொடக்கம் இல்லாதவர். மகன் படைப்புகளுக்கெல்லாம் தலைசிறந்தவரே ஆயினும் அவரும் படைக்கப்பட்டவரே. அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்று அவர் போதித்தார். மாலுமிகளும் மாவரைப்போரும் வழிநடப்போரும் பாடும்படி இக்கருத்தைப் பாட்டாகவும் இயற்றிப் பரப்பினார் என்பர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரியுஸ் மறைநூலைத் தள்ளியவர் அல்லர். அவரும் அவரைச் சார்ந்தோரும் வசனங்களை அள்ளி அள்ளிக் கொடுத்தனர். தந்தை பெரியவர் என்ற சொல் ஒன்று. இறுதி நாளை மகனும் அறியார் என்ற சொல் மற்றொன்று (மாற்கு 13:32). ஆண்டவர் தன்னைத் தம் செயல்களின் தொடக்கமாகப் படைத்தார் என்று ஞானம் பேசுவதாக அவர்கள் வாசித்த இடம் இன்னொன்று (நீதிமொழிகள் 8:22). ஆகவே, "விவிலியத்தில் இருக்கிறதா, இல்லையா?" என்பது அன்றைய வழக்கே அன்று. "இருப்பதன் பொருள் என்ன?" என்பதே வழக்கு.

சங்கம் கூடியது

பேரரசர் கான்ஸ்டன்டைன் அழைப்பின் பேரில் 325ஆம் ஆண்டு நிசேயா நகரில் பொதுச்சங்கம் கூடியது. இன்று துருக்கி நாட்டில் இஸ்னிக் என்று வழங்கும் ஊர் அது. வந்த ஆயர்கள் 318 பேர் என்பது மரபு. ஏறத்தாழ 250 முதல் 300 பேர் வரை என்பது அக்காலத்தவர் தரும் கணக்கு. பாப்பரசர் சில்வெஸ்தர் தம் சார்பில் இரு குருக்களை அனுப்பினார். ஆயர் அலெக்சாந்தருடன் துணையாக வந்த ஓர் இளம் திருத்தொண்டரும் அங்கிருந்தார். அவரே பின்னாளில் புகழ்பெற்ற புனித அத்தனாசியார்.

அங்கே நடந்ததை அத்தனாசியார் பிற்காலத்தில் எழுதி வைத்தார். சங்கத்தார் முதலில் மறைநூல் சொற்களைக் கொண்டே உண்மையை அறிக்கையிட விரும்பினர். மகன் "கடவுளிடமிருந்து" வந்தவர் என்று எழுதலாமா என்றனர். எதிர்த் தரப்பினர் உடனே ஒப்புக்கொண்டனர். காரணம், எல்லாமே கடவுளிடமிருந்து வந்தவைதாம் என்று புனித சின்னப்பர் கூறியிருக்கிறாரே! ஒவ்வொரு சொல்லுக்கும் இவ்வாறே தங்களுக்கு ஏற்ற பொருளைக் கண்டு, ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக் கண்சாடை காட்டிக்கொண்டார்களாம்.

கடைசியில் சங்கத்தார், விவிலியத்தில் நேரடியாக இல்லாத ஒரு சொல்லை எடுத்தாண்டனர். மகன் தந்தையோடு "ஒரே பொருளானவர்" என்பதே அது. மறைநூலில் இல்லாத சொல்லைப் புகுத்தலாமா என்று அன்றும் சிலர் குறை கூறினர். அத்தனாசியாரின் விடை தெளிவானது: மகன் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது என்னும் உங்கள் சொற்றொடரும் மறைநூலில் இல்லையே! அந்த எழுத்துகள் அங்கே இருக்கின்றனவா என்பதைவிட, மறைநூல் முழுவதும் சொல்ல வரும் கருத்தை அச்சொல் காக்கிறதா என்பதே முக்கியம் என்றார்.

மூன்று கேள்விகள்

328ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியார், ஆரியுஸ் தரப்பினரை மறுத்து விரிவாக எழுதினார். அதில் அவர் தரும் விதி நம் ஒவ்வொருவரின் மனத்திலும் பதிய வேண்டியது. எந்த வசனத்தையும் எடுக்கும்போது மூன்றைக் கேட்க வேண்டும் என்கிறார்: எந்தக் காலத்தைப் பற்றியது? யாரைப் பற்றியது? எந்தப் பொருளைப் பற்றியது? எத்தியோப்பிய அரசியின் அலுவலர் இசையாஸ் ஆகமத்தை வாசித்தபோது, இறைவாக்கினர் தம்மைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்பிடம் கேட்டார் அன்றோ? (அப்போஸ்தலர் பணி 8:34). யாரைப் பற்றியது என்பதில் தவறினால் பொருள் முழுவதும் தவறிவிடும் என்று அவர் அஞ்சினார் என்பது அத்தனாசியாரின் விளக்கம்.

வாசலில் வந்த வசனத்துக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்ப்போம். தந்தை பெரியவர் என்று இயேசு எப்போது சொன்னார்? பாடுகளுக்கு முந்திய இரவில், பிரிவை எண்ணிக் கலங்கிய சீடர்களுக்கு ஆறுதலாகச் சொன்னார். தாம் தந்தையிடம் போவது அவர்களுக்கு மகிழ்ச்சி தர வேண்டும் என்பதே அங்கே பேச்சு. சொன்னவர் யார்? மனிதராகப் பிறந்து, தம்மைத் தாழ்த்தி, மறுநாள் சிலுவையில் மரிக்கப் போகிறவர். எந்த நூலில் இருக்கிறது? வார்த்தை கடவுளாயிருந்தார் என்று தொடங்கி, உயிர்த்த ஆண்டவரைத் தோமையார் தம் கடவுள் என்று அறிக்கையிடும் வரை செல்லும் அதே அருளப்பர் நற்செய்தியில். எனவே திருச்சபைத் தந்தையர் சிலர், மனிதத் தன்மையில் அவர் தந்தையிலும் சிறியவர் என்று விளக்கினர். வேறு சிலர், தந்தை மகனுக்கு ஊற்றாயிருப்பதால் அவ்வாறு சொல்லப்பட்டது என்றனர். விளக்கம் இரண்டாயினும், நூலின் முதலையும் முடிவையும் அறுத்துவிட்டு நடுவிலுள்ள ஒரு வரியை மட்டும் எவரும் எடுக்கவில்லை.

ஞானத்தைப் பற்றிய நீதிமொழியும் அப்படியே. எபிரேய மூலத்தில் அங்குள்ள சொல் "கானா" என்பது. பெறுதல், உடைமையாகக் கொள்ளுதல், உண்டாக்குதல் என்று இடத்திற்கேற்ப அது பொருள்படும். காயினைப் பெற்ற ஏவாளின் வாயிலும் அதே சொல்தான் வருகிறது. கிரேக்க மொழிபெயர்ப்பு அதைப் "படைத்தார்" என்றது; புனித எரோணிமுஸ் இலத்தீனில் பெயர்த்தபோது "உடைமையாகக் கொண்டார்" என்றார். மேலும், நீதிமொழி என்பது வெளிப்படையான பேச்சன்று, உள்ளுறையாகப் பேசுவது என்றும், சில வரிகள் தள்ளி ஞானம் பெற்றெடுக்கப்பட்டதாகவும் வருகிறதே என்றும் அத்தனாசியார் சுட்டிக்காட்டினார். ஒரு சொல்லை நம்பித் தீர்ப்பெழுத முனைந்தவர்கள், நூலின் வகையையும் அடுத்த வரிகளையும் பார்க்கத் தவறினர்.

வெற்றியும் வேதனையும்

சங்கம் முடிந்ததும் சமாதானம் வந்துவிடவில்லை. ஆரியுஸ் நாடு கடத்தப்பட்டார். அவருடைய நூல்களை எரிக்கப் பேரரசர் கட்டளையிட்டார். பிறகு அரசு மறுபக்கம் சாய்ந்தது. அத்தனாசியார் ஐந்து முறை தம் ஆயர் இருக்கையை இழந்து, 17 ஆண்டுகளுக்கு மேல் ஊர்விட்டு அலைந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் ரொட்டி விலையைக் கேட்டால் தந்தை பெரியவர் என்ற பதில்தான் வருகிறது என்று நீசா நகர் ஆயர் புனித கிரகோரியார் மனம் நொந்து எழுதினார். 381ஆம் ஆண்டு அந்நகரில் கூடிய சங்கமே நிசேயாவின் விசுவாசத்தை உறுதிப்படுத்தியது. நாம் திருப்பலியில் சொல்லும் பிரமாணம் அவ்விரு சங்கங்களின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

இந்த வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் தொட்டது மற்றொரு நிகழ்ச்சி. 362ஆம் ஆண்டு அத்தனாசியார் அலெக்சாந்திரியாவில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். கடவுளைப் பற்றிப் பேசும்போது ஒரு சாரார் "மூன்று" என்றனர். மறுசாரார் அதே கிரேக்கச் சொல்லை வைத்து "ஒன்று" என்றனர். ஒருவரையொருவர் தப்பறைக்காரர் என்று தூற்றிக்கொண்டனர். அத்தனாசியாரும் உடனிருந்த ஆயர்களும் இரு சாராரையும் அழைத்து, "இச்சொல்லால் நீங்கள் கருதுவது என்ன?" என்று பொறுமையாக வினவினர். மூன்று என்றவர்கள் மூன்று கடவுள்களைச் சொல்லவில்லை. ஒன்று என்றவர்கள் தந்தையையும் மகனையும் ஒருவரே என்று குழப்பவில்லை. உள்ளத்தில் ஒரே விசுவாசம், உதட்டில் வேறு சொல். இரு சாராரும் சமாதானமாயினர். மறைநூல் வசனத்துக்குக் கேட்ட அதே கேள்வியை, வாழ்நாளெல்லாம் வாதாடிய அம்முதியவர் சகோதரரின் பேச்சுக்கும் கேட்டார்!

நமக்குள்ள கடமை

1943இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மறைநூல் ஆசிரியரின் காலத்தையும் அவர் கையாண்ட இலக்கிய வகையையும் ஆராயும்படி அறிஞர்களைத் தூண்டினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் அதை வலியுறுத்தி, மறைநூல் முழுமையின் ஒருமைப்பாட்டையும் திருச்சபையின் உயிருள்ள மரபையும் நோக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கூறியது. அத்தனாசியாரின் பழைய விதி இங்கே மீண்டும் ஒலிக்கிறது எனலாம்.

ஆகவே அடுத்த முறை வாசலில் ஒருவர் வசனத்தோடு நின்றால் அஞ்ச வேண்டாம். கதவைச் சாத்தவும் வேண்டாம். "இதற்கு முன்னும் பின்னும் உள்ளதைச் சேர்த்து வாசிப்போமா?" என்று கேட்போம். ஆனால், அதைக் கேட்க நம் கையிலும் விவிலியம் இருக்க வேண்டும். அது தூசி படியாமலும் இருக்க வேண்டும். வந்தவர் சொல்வதையும் அவர் கருதும் பொருளோடு கேட்கும் பொறுமை வேண்டும். பாலைவனத்தில் சோதித்தவனும் சங்கீத வசனத்தைத்தான் காட்டினான். ஆண்டவரோ மறைநூலின் மற்றோரிடத்தைக் காட்டி விடையளித்தார். வசனத்தை வசனத்தோடு சேர்த்து வாசிக்கும் வழியை அவரே நமக்குக் காட்டியிருக்கிறார்.

நம் இல்லங்கள்தோறும் நாளுக்கு ஓர் அதிகாரமாவது முழுமையாக வாசிக்கும் வழக்கம் தொடங்கட்டும். நம் பங்கின் யூபிலிக்கு அதைவிட நல்ல காணிக்கை வேறில்லை.