பிறப்பிடம் அறியாத துவக்கு

பதுளை நகரிலுள்ள புனித மார்க்கு ஆலயம் 1857ஆம் ஆண்டில் எழுந்தது. மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் ஆங்கிலப் படையதிகாரியின் நினைவு அதனோடு பிணைந்துள்ளது. பதுளையில் ஆட்சிப் பொறுப்பு வகித்த இவர், 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்று அக்காலத்தவர் எழுதி வைத்தனர். 1845ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், அப்புத்தளை வாடிவீட்டில் இடி தாக்கி இறந்தார். துவக்கினாலேயே பெயர் பெற்ற ஒருவர் வாழ்ந்த பகுதியிலே, பழைய சுடுகருவி எது அகப்பட்டாலும் அவருடையதென்று சொல்ல நாவு எழுவது இயல்பே. ஆனால் நாவு சொல்வதை இரும்பு ஒப்புக்கொள்ள வேண்டுமே!

ஊவாத் தோட்டமொன்றின் பழைய பங்களாவிலே, பெயரும் இலக்கமும் தெரியாத காற்றுக் கைத்துப்பாக்கி ஒன்று வெளிப்படுகிறது என்று கொள்க. அதன் அமைப்பு எளிது. சுருள்வில் ஒன்று உருளைக்குள் அழுத்தி நிறுத்தப்படுகிறது. விசையை இழுத்ததும் வில் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். உருளையிலுள்ள காற்று ஒடுங்கி, சிறிய ஈயச் சன்னத்தைக் குழல்வழியே செலுத்தும். வெடிமருந்தும் இல்லை, புகையும் இல்லை.

இவ்வமைப்பே ஒரு காலக்கணக்கைத் தந்துவிடுகிறது. றொஜர்ஸ் காலத்திலும் காற்றுத் துப்பாக்கிகள் இருந்தன. ஆயினும் அவற்றுட் சிறந்தவை வேறு வகையின. 1780ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரண்டோனித் துப்பாக்கியில், தோளில் அணைக்கும் பகுதியே காற்றுக்கலம். கைப்பம்பினால் நூற்றுக்கணக்கான முறை அடித்து அதனை நிரப்பவேண்டும். சுருள்வில் கைத்துப்பாக்கி வணிகப் பொருளாகப் பரவியது 1870களின் பின்னரே. எனவே, வில்லுள்ள கைத்துப்பாக்கியை எவரேனும் றொஜர்ஸ் கையில் வைத்தால், அது பேரன் பிறந்தபின் பாட்டன் வாங்கிய தொட்டில் என்பது போலாகும்.

அத்தகைய கைத்துப்பாக்கிகளைத் தொடக்கத்திலேயே பெருமளவில் செய்த தொழிற்சாலைகளுள் ஒன்று ஜேர்மனியின் காகனோ இரும்பாலை. அதன் பொருள்களில் ‘எம். எவ்.’ என்ற ஈரெழுத்து முத்திரை காணப்படும். ஆலையின் அதிபரான மைக்கேல் புளூர்ஷைம் என்பாரின் பெயரெழுத்துக்கள் அவை. இம்மனிதரின் வரலாறு விந்தையானது. துப்பாக்கி விற்றுச் செல்வம் சேர்த்த இவர், பின்னர் ஆலையைக் கைவிட்டு, நிலம் தனியார்க்கு உரியதாகாது, பொதுவுடைமையாதல் வேண்டும் என்று பிரசாரம் செய்யத் தொடங்கினார். ஊவாவின் கம்பெனித் தோட்டங்கள் 1975ஆம் ஆண்டிலே அரசுடைமையானபோது, புளூர்ஷைம் இறந்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

முத்திரைகளைப் படிப்பதற்கும் முறை உண்டு. 1887ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் குறிச் சட்டத்தின் பயனாக, அந்நாட்டுக்குள் வரும் பிறநாட்டுப் பொருள்களிலே பிறந்த நாட்டின் பெயர் பொறிக்கும் வழக்கம் பரவியது. ஆகவே ‘ஜேர்மனி’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்த கருவி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. ‘டி. ஆர். ஜி. எம்.’ என்னும் நான்கெழுத்து இருந்தால், அது 1891ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வந்த பதிவுமுறையைச் சுட்டும். பிரித்தானியக் காப்புரிமை இலக்கம் இன்னுமொரு சான்று. 1915 வரை ஒவ்வோராண்டும் இலக்கம் ஒன்றிலிருந்து தொடங்கியது. 1916 முதல் ஓர் இலட்சத்துக்கு மேலாகத் தொடர்ந்து ஓடியது. ஆறிலக்க எண் கண்டால், முதலாம் மகாயுத்தத்துக்கு முந்தியது என்ற பேச்சு அடிபட்டுப்போகும்.

முத்திரை இருந்தும் ஏமாறுவது உண்டு. ‘டயானா’ என்ற பெயரும் வேட்டைத் தெய்வத்தின் உருவமும் ஜேர்மனியின் றாஸ்ராற் நகரத் தொழிற்சாலைக்கு உரியவை. இரண்டாம் மகாயுத்தத்தின் பின் அத்தொழிற்சாலையின் இயந்திரங்கள் இழப்பீடாகப் பிரித்தானியா சென்றன. ஸ்கொத்லாந்தின் மில்புறோ கம்பெனி அதே பெயரில் துப்பாக்கி செய்தது. பெயர் ஒன்று, தாய்நாடு இரண்டு! இத்தகைய இடங்களில் திருகாணியின் புரியும், குழலின் உள்விட்டமும், பிடியின் வளைவுமே துணை. வெடிமருந்துத் துவக்குகளில் காணும் சோதனைச்சாலை முத்திரையை இங்கே தேடிப் பயனில்லை. காற்றுத் துப்பாக்கிக்கு அது கட்டாயமன்று.

இவற்றிடையே ஐயத்துக்கு இடமின்றித் தன் பெயரைச் சொல்வது பேர்மிங்காம் நகரின் வெப்லி அன்ட் ஸ்கொற் கம்பெனி செய்த கைத்துப்பாக்கி. அதன் குழல் உருளைக்கு மேலே படுத்திருக்கும். குழலையே நெம்புகோலாகத் தூக்கி வில்லை அழுத்துவர். இது சந்தைக்கு வந்த 1924ஆம் ஆண்டிலேயே பதுளைக்குப் புகையிரதமும் வந்து சேர்ந்தது. கருவியில் பெயரும் காப்புரிமையும் விரிவாகப் பொறிக்கப்பட்டிருப்பதால், இதனை அடையாளங்காண அறிஞர் வேண்டியதில்லை.

அறிஞரும் தவறியதுண்டு. அமெரிக்காவின் மேற்றிசையை ஆராய 1803 முதல் 1806 வரை சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினர் ஒரு காற்றுத் துப்பாக்கி கொண்டுசென்றனர். அது பிலடெல்பியாவின் ஐசயா லூக்கன்ஸ் செய்தது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. பின்னர், 1803 செப்டம்பரில் அதனைக் கண்ணாற்கண்ட தோமஸ் றொட்னி என்பாரின் நாட்குறிப்பு கவனத்துக்கு வந்தது. பல குண்டுகளைத் தொடர்ந்து சுடக்கூடியதென்று அதில் எழுதியிருந்தது. அக்குறிப்பினாலும் எஞ்சியுள்ள துப்பாக்கி ஒன்றைப் பிரித்து ஆராய்ந்ததாலும், அது ஜிரண்டோனி வகையே என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது.

ஊவாவின் சொந்தத் துவக்குகளிலோ கம்பெனிப் பெயரே இல்லை. கண்டி இராச்சியத்துக் கொல்லர் செய்தவை அவை. போர்த்துக்கேயரிடமிருந்து பொறிமுறையைக் கற்ற அக்கொல்லர், விரைவிலேயே குருவை விஞ்சினர். 1630 ஆகஸ்டில், பதுளையைச் சூறையாடித் திரும்பிய தளபதி கொன்ஸ்தந்தினோ த சாவின் படை வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவலையில் அழிந்தது. 1817ஆம் ஆண்டில் வெல்லசையில் கிளர்ச்சி மூண்டபோது, அதனை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிப்பொல, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட துவக்குகளை ஆங்கிலேயரிடம் திருப்பியனுப்பிய பின்னரே கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. சிங்களத் துவக்கின் அடிக்கட்டை இரு கிளையாகப் பிரிந்து நிற்கும். பொறி பெரும்பாலும் இடப்புறத்தில் அமையும். மரத்திலே கொடிவேலைப்பாடு ஓடும். பி. ஈ. பி. தெரணியகல இவ்வாயுதங்களைப் பற்றி 1942ஆம் ஆண்டில் விரிவாக எழுதினார். பெயர் பொறியாத கொல்லனின் கைவேலை, பார்த்த மாத்திரத்திலே ஊரைச் சொல்லிவிடுகிறது.

பங்களாவில் அகப்பட்ட கருவி எந்நாட்டில் பிறந்தது என்பதை இரும்பு சொல்லும். எந்தத் துரையோடு வந்தது, எதற்குப் பயன்பட்டது, எப்போது மேசையறைக்குள் ஒதுங்கியது என்பவற்றை இரும்பு சொல்லாது. அவற்றை அறிந்தோர் பங்களாவின் சமையல் அப்புவும், தோட்டக் காவற்காரனும், லயத்து முதியோருமே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிடம் தந்தையின் பிறப்புக்கும் சான்று கேட்டது, வாய்மொழியை மதிக்கவில்லை. கடதாசி இல்லாத காரணத்தால் பிறப்பிடமே இல்லாதவராக எண்ணப்பட்டவர்கள், துரைமாரின் உடைமைக்குப் பிறப்பிடம் கூறும் சாட்சிகளாக இருப்பது காலத்தின் வேடிக்கைதான். இந்தச் சாட்சியத்தை எவரும் முறையாகத் திரட்டவில்லையெனில், பங்களாவின் வரலாறு பாதியாகவே நிற்கும்.

இத்தகைய பொருள் கையில் கிடைத்தவர் முதலில் சன்னம் உள்ளே இல்லையென்று உறுதி செய்தல் வேண்டும். துரு நீக்குவதாக எண்ணி உரைதாள் கொண்டு தேய்த்தல் கூடாது. ஓரெழுத்தின் பாதி அழிந்தால் ஒரு நாட்டின் பெயர் அழியும். மெல்லிய துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மங்கிய முத்திரையும் நிழல்கோடாகத் தெரியும். அதனை அவ்வாறே வரைந்துகொண்டு, லயத்து முதியவர் சொன்ன செய்தியையும் சொன்ன நாளையும் அதே தாளில் எழுதிவைத்தல் நன்று.